மூன்றில் இரண்டு

மார்ச் 2

அண்ணி,

இல்லை, இன்னும் அழுத்தவில்லை.

நான்கு நாளாக அந்த வெள்ளைக்கொடி என் திரையின் ஓரத்தில் நிற்கிறது. கீழே மூன்று கட்டங்கள். உங்கள் கட்டத்தில் 'சரி'. அண்ணன் கட்டத்தில் 'வேண்டாம்'. என்னுடையது காலி. மூவரில் இருவர் சரி என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஆகும். ஆட்டம் முடியும்.

விதி பழையதுதான். ஆட்கள்தான் இடம் மாறிவிட்டார்கள். ஏழு வருடமாக நாம் ஒரே அணி. முதல் படகு மூழ்கியதுமே கொடியைத் தூக்குகிறவன் அண்ணன். கடைசிப் படகு மூழ்கிய பிறகும் வேண்டாம் என்கிறவர் நீங்கள். நடுவில் நான். இப்போது நீங்கள் தூக்கியிருக்கிறீர்கள், அவன் மறுக்கிறான்.

அவனிடம் கேட்டேன்.

"என்னண்ணா, தோத்தாச்சுல்ல?"

"யாரு சொன்னா? இன்னும் ஒரு துறைமுகம் இருக்கு."

"அது என்னோடது."

"அப்ப ஒழுங்கா காப்பாத்து."

பன்னிரண்டு தீவுகளில் பதினொன்று போய்விட்டன. அண்ணனிடம் ஒரு கட்டுமரம்கூட இல்லை. ஒன்றுமில்லாதவனுக்கும் வாக்கு உண்டு. மிச்சம் என் துறைமுகமும், அதன் வாயில் உங்கள் ஒற்றைப் படகும். அது ஒரு நாள் இடது பாறைக்குப் போகிறது, மறுநாள் வலது பாறைக்கு. மூன்று நாள் நகர்த்தாவிட்டால் வெளியேற்றிவிடுவார்கள் என்பதால் நகர்த்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரே நகர்த்தல் என்ற இந்த மெதுவான ஆட்டத்தை டிசம்பரில் தேர்ந்தெடுத்தது நீங்கள். சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். "அவசர அவசரமா ஆடி என்னத்தக் கண்டோம், இத நிதானமா ஆடலாம்" என்றீர்கள். ஜனவரி கடைசியில் நீங்கள் வீட்டைவிட்டுப் போனீர்கள். ஆட்டம் மட்டும் போகவில்லை.

குழு அரட்டையில் எழுதினால் அண்ணனும் படிப்பான். தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை. குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன முகவரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதனால் காகிதம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று பேரும் இன்னும் சேர்ந்திருக்கிற இடம் இது ஒன்றுதான். இதையும் நீங்களே முடித்துவைக்க வேண்டுமா?

*

மார்ச் 6

நடுவரம்மாவுக்கு,

இந்தப் பட்டப்பெயர் உனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று தெரியும். வேறு எதுவும் உனக்குப் பொருந்தவில்லை, நான் என்ன செய்ய?

இங்கே என் அறைக்கு ஒரு ஜன்னல், அதற்கு எதிரே ஒரு சுவர். சுவரில் யாரோ நீலச் சாயம் பூச ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள். கண் மருத்துவமனை நடந்து போகும் தூரம். காலையில் நாற்பது பேருக்குப் பார்வை சோதிக்கிறேன். முன்பு நான் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு ஏழு பேர் வந்தால் அதிகம், நினைவிருக்கிறதா? அறைக்குள் சிக்னல் கிடையாது. படகை நகர்த்த மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏணியில் நான்கு படி ஏற வேண்டும். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வருகிறவள் நேற்று கேட்டேவிட்டாள்: "ஏங்க, மேல யாரையாவது எதிர்பாக்கறீங்களா?"

நகர்த்தாமல் விட்டால் என்ன என்று நீ அடுத்து கேட்பாய். விட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு செருப்புப் படம் வரும். 'விட்டு ஓடியவர்'. அது போகவே போகாது. வேண்டாம். நான் எங்கிருந்தும் ஓடவில்லை. வீட்டிலிருந்தும் ஓடவில்லை. பகல் பதினொரு மணிக்கு அந்த மேசையில் உட்கார்ந்து, போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பெட்டியை நீதான் கீழே வரை தூக்கிவந்தாய்.

தோற்பதென்றால் ஒழுங்காகத் தோற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

27ஆம் தேதி முகாமுக்குப் போகிறோம். மலைக்கு அந்தப் பக்கம், பத்து நாள். ஏணி வைத்தாலும் சிக்னல் வராத ஊர். அதற்குள் ஆட்டம் முடியவில்லை என்றால் செருப்புப் படம் வந்துவிடும்.

தலைவலி எப்படி இருக்கிறது? போன வருடம் சமையலறைச் சுவரில் அட்டையை மாட்டி உன் கண்ணைச் சோதித்தேனே, கடைசி வரியை நீ பார்த்துப் படிக்கவில்லை. ஊகித்தாய். எனக்குத் தெரியும்.

*

மார்ச் 9

அண்ணி,

ஊகித்தது உண்மை. நான்கு எழுத்தில் மூன்று சரியாக வந்தது. அதற்கு மதிப்பெண் இல்லையா?

நீங்கள் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு ஒன்று புரிய வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆட்டம். மழை, மின்சாரம் போய்ப் போய் வந்தது. நம்மிடம் இரண்டு தீவு, அவர்களிடம் பத்து. அண்ணன் கொடியைத் தூக்கிவிட்டு எழுந்து போனான். நான் சரியில் விரலை வைத்திருந்தேன். அழுகிற நிலையில் இருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "அழறதுக்கு அப்புறம் நெறைய நேரம் இருக்கு, இப்பப் படக நகத்து." நகர்த்தினேன். ஜெயித்தோம். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான். மூன்று பேரும் சிரித்துப் புரண்டோம்.

அப்படிச் சொன்னவர் எப்போது 'போதும்' என்று முடிவுசெய்கிறார்? அளவு என்ன? எனக்கு அது இருந்ததே இல்லை. என் கை எப்போதும் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும், அதைப் பிறகு முடிவு என்று அழைத்துக்கொள்வேன். ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு இயலே எழுதியிருக்கிறேன். நான்கு தத்துவவாதிகளை மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஒருவரும் உதவவில்லை.

அண்ணனைப் பற்றி. நீங்கள் கேட்கவில்லை, சொல்கிறேன். மாலை ஆறே முக்காலுக்கு வேலையிலிருந்து வந்துவிடுகிறான். முழங்கை வரை கிரீஸைத் தேய்த்துக் கழுவுகிறான். ஏழு மணிக்கு உங்கள் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு வரும். ஒரு நிமிடம் எரியும், போய்விடும். அவனுக்கு நகர்த்த ஒன்றுமில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக உட்கார்ந்திருக்கிறான். பிறகு டிவி போடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணி ஆள் ஒருவன் பொது அரட்டையில் எழுதினான்: "என்னப்பா, பொணத்துக்கு மருந்து குடுத்துட்டு இருக்கீங்க?" அண்ணன் பதில் எழுதவில்லை. அவன்! பதில் எழுதவில்லை.

நேற்று அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண். "பயப்படாதீங்கம்மா, கதவத் தள்ளாதீங்க, இதோ வந்துக்கிட்டே இருக்கேன், பேசிட்டே வாங்க" என்று மாடிப்படி இறங்கிக்கொண்டே சொன்னான். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. திரும்பி வந்து சொன்னான்: "வெளிய நிக்கிறவனுக்கு அது பத்து நிமிஷம். உள்ள இருக்கிறவங்களக் கேட்டா ஒரு மணி நேரம்பாங்க."

அவன் மாறிவருகிறான் என்று சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

*

மார்ச் 13

நடுவரம்மா,

அளவு கேட்டாய். தத்துவம் எல்லாம் இல்லை, கடைக்காரக் கணக்குதான்.

தோற்கிற ஆட்டத்தில் நாம் எவ்வளவு நன்றாக ஆடினாலும் போதாது. எதிரில் இருக்கிறவன் தப்பு செய்ய வேண்டும். அதனால் ஒவ்வொரு நாளும் எண்ணுவேன்: நான் ஜெயிக்க அவன் எத்தனை தப்பு செய்ய வேண்டும்? அந்த மழைநாளில் இரண்டு. இரண்டு தப்பு யாரும் செய்வார்கள், உட்கார்ந்தேன். இந்த ஆட்டத்தில், பிப்ரவரி கடைசியில் எண்ணியபோது ஒன்பது. ஒன்பது தப்பையும் வரிசையாகச் செய்ய வேண்டும். அதற்குக் காத்திருப்பது ஆட்டம் இல்லை. அடுத்தவன் தூங்கிவிழுவானா என்று பார்த்துக்கொண்டிருப்பது.

வீட்டிலும் எண்ணினேன். அங்கே தலைகீழ். உன் அண்ணன் எத்தனை விஷயத்தைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று. கோபம் வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பதை விட வேண்டும். என் அம்மாவைப் பற்றி அந்தத் தொனியில் பேசுவதை விட வேண்டும். இப்படியே. நல்லவன்தான், எட்டாவது மாடியில் மாட்டியவளுக்கு. நானும் மாட்டித்தான் இருந்தேன். என்னிடம் யாரும் பேசிக்கொண்டே வரவில்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஆட்டத்தின் விதியை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். 'மூன்றில் இரண்டு.' முதலில் வேடிக்கை: எந்தப் படம், ஜன்னலுக்கு எந்த நிறத் திரை. பிறகு வேடிக்கை இல்லாததும் வந்தது. என் அம்மா கண்புரை அறுவைக்குப் பின் ஒரு மாதம் நம்மோடு இருக்கலாமா? இரண்டுக்கு ஒன்று, வேண்டாம். கடைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாமா? இரண்டுக்கு ஒன்று, வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மருத்துவமனை, இதே வேலை, என்னைக் கூப்பிட்டது. உன் அண்ணன் "வேணாம், ஆனா அவளையும் கேப்போம், நியாயமா இருக்கட்டும்" என்றான். இரண்டு பேரும் உன்னைப் பார்த்தோம். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பாக்கலாமே அண்ணி" என்றாய்.

அந்த அடுத்த வருடம் வந்தது, போனது.

மூன்று வாக்கில் இரண்டு ஒரே வயிற்றில் பிறந்தவை. எந்நேரமும் கண்ணைப் பற்றியே யோசிக்கிற எனக்கு இது தெரிய ஐந்து வருடம் ஆயிற்று. விதியை ஒத்துக்கொண்டது நானேதான், உன்மேல் போட மாட்டேன். ஆனால் உனக்கு இதைச் சொல்லாமல் கொடி பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது பொய்.

*

மார்ச் 16

அண்ணி,

நான் அன்று என் மனதில் பட்டதைச் சொன்னேன். என்னைக் கேட்டீர்கள், சொன்னேன். நடுவில் உட்காரவைத்தது நீங்கள் இருவரும். இருபத்திரண்டு வயதில் ஒருத்தியைக் கூப்பிட்டு, எங்கள் வாழ்க்கையை நீ முடிவுசெய் என்றால் அவள் தட்டைத்தான் பார்ப்பாள். இரண்டு வருடம் கழித்துக் கணக்குக் கேட்பது நியாயமில்லை. வேண்டுமானால் அண்ணனிடமே கேளுங்கள். நான் அழுத்தவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். என் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

மறுநாள்.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அதுவும் நான்தான்.

காலியாக விட்டால் அது 'வேண்டாம்' என்றே எண்ணப்படும் என்று இன்று காலை பல் துலக்கும்போது உறைத்தது. ஏழு வருடமாகத் தெரிந்த விதி.

அன்று ஏன் 'அடுத்த வருஷம்' என்றேன் என்று சொல்கிறேன். அண்ணனுக்காக இல்லை. எனக்கு அப்போது நுழைவுத் தேர்வு. நீங்கள் போனால் அவனுடைய மூன்று நாள் மௌனங்களை நான் தனியாகத் தாங்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் இருந்தால் அவன் உங்களிடம் பேசாமல் இருப்பான், என்னிடம் பேசாமல் இருக்க மாட்டான். அவ்வளவுதான். கதவில் நீங்கள் நின்றால் காற்று எனக்கு அடிக்காது. இதை இவ்வளவு தெளிவாக அன்று நினைத்தேனா? தெளிவாகத்தான் நினைத்தேன். அதனால்தான் தட்டைப் பார்த்தேன்.

இப்போதும் கொடியை அழுத்தாததற்குக் காரணம் அதுவே என்று பயமாக இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் அவனும் நானும் மட்டும். பச்சை விளக்குக்குக் காத்திருப்பவன் அவன் மட்டும் இல்லை.

இன்னொன்று. ஆட்டமும் முடிந்து, உங்கள் இருவருக்கும் காகிதத்திலும் முடிந்துவிட்டால், நான் உங்களை என்னவென்று கூப்பிடுவது? உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது.

*

மார்ச் 19

நடுவரம்மா,

படித்தேன். ஏணியில் நின்றுகொண்டு ஒரு முறை, இறங்கி வந்து ஒரு முறை.

நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் கடைசி வரியை ஊகிக்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. பரீட்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊகித்தது சரியாக வந்துவிட்டால் தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போகிறார்கள். நேற்று ஒரு லாரி ஓட்டுநர் முதல் தடவையிலேயே, "தெரியலம்மா, சுத்தமாத் தெரியல" என்றார். எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. உன் கடிதத்தின் இரண்டாவது பாதி அப்படி இருந்தது. முதல் பாதியும் பரவாயில்லை, உன் அண்ணன் ஜாடை.

அண்ணி என்றே கூப்பிடு. இதை எந்த மேசையில் வைத்து யார் கை தூக்க வேண்டும்? இதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

சரி என்று அழுத்து என நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் உன் கையை ஒரு பக்கம் சாய்ப்பது. ஆனால் அழுத்துவதாக இருந்தால் முதலில் அவனிடம் சொல். முகத்தைப் பார்த்து. அவன் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நான் போகும்போது சொல்லிவிட்டுப் போனேன், நீயும் சொல்லிவிட்டுச் செய்.

27க்கு இன்னும் எட்டு நாள். உன் துறைமுகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நான் இருக்கும் வரை அது இருக்கும்.

*

மார்ச் 23

அண்ணி,

சொன்னேன்.

அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். ஆறு ஐம்பது. நான் சமையலறை வாசலில் நின்றேன், நீங்கள் நிற்கிற இடத்தில்.

"அண்ணா, இன்னிக்குக் கொடிய அழுத்தப் போறேன். சரின்னு."

குழாயை மூடவில்லை. "அவ சொல்லிக் குடுத்தாளா?"

"உங்கிட்ட முதல்ல சொல்லணும்னு மட்டும் சொன்னாங்க."

"ஒரு மாசம் பொறு."

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னேன். இருபத்தேழுக்கு அப்புறம் அவங்களுக்கு சிக்னல் கிடையாது. விட்டு ஓடினவங்கன்னு பேரு வந்துரும்."

"வரட்டும். ஓடித்தானே போனா."

"இல்ல. இந்த மேசைல உக்காந்து சொல்லிட்டுத்தான் போனாங்க. நீதான் டிவி சத்தத்தக் கூட்டின."

அப்போதுதான் குழாயை மூடினான். துண்டைத் தேடினான். அது தோளிலேயே இருந்தது.

"முடிஞ்சுட்டா அந்தப் பச்சை விளக்கு வராது, தெரியும்ல?" என்றான். திட்டுகிற குரலில் இல்லை.

"தெரியும்ணா. நானும்தான் பாத்துட்டு இருக்கேன்."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையைத் துடைத்தான். மூன்று நாள் மௌனத்தின் ஆரம்பமோ என்று நினைத்தேன். இல்லை. வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் மாத்த மாட்டேன்" என்றான். "என்னோடது வேணாம்தான்."

"மாத்த வேணாம். ரெண்டு போதும்."

ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. உங்கள் படகு இடது பாறையிலிருந்து வலது பாறைக்குப் போனது. நீங்கள் ஏணியில் இருக்கும்போதே அழுத்தினேன்.

தோல்வியை ஒப்புக்கொண்டால் கடல்மேல் இருக்கிற மூடுபனி விலகி வரைபடம் முழுதும் தெரியும், நினைவிருக்கிறதல்லவா? நாம் வழக்கமாக அதைப் பார்ப்பதே இல்லை. தோற்ற எரிச்சலில் மூடிவிடுவோம். இன்று பார்த்தோம். பாறைகளுக்கு அந்தப் பக்கம், ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு போர்க்கப்பல்கள். உங்கள் படகு இடது பாறையில் நின்றாலும் வழி அடைபடுகிறது, வலது பாறையில் நின்றாலும் அடைபடுகிறது. நகர்த்தல் பட்டியலை அண்ணன் பின்னாலிருந்து எண்ணினான். முப்பத்தைந்து நாள்.

"இத அவ சொல்லவே இல்லையே" என்றான்.

"நாம கேக்கலையே" என்றேன்.

ஒரு நாள் படகை விலக்கியிருந்தால் போதும். அன்றே என் துறைமுகம் போயிருக்கும், ஆட்டம் முடிந்திருக்கும், கொடியே தேவைப்பட்டிருக்காது. உங்களுக்கு அது தெரியும். நான் இதைப் பற்றி மேலே எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் கெடுத்துவிடுவேன்.

அண்ணன் டிவி போடவில்லை. தட்டுகளை அவனே கழுவினான், சத்தமாக.

மறுநாள் காலை. கடிதத்தைத் தபால்பெட்டியில் போடப் போகும் வழியில், நீங்கள் வேலை பார்த்த கண்ணாடிக் கடைக்குள் போனேன். இப்போது இருக்கிறவர் அட்டையை மாட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். தெரியவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் வரி? அதுவும் தெரியவில்லை என்றேன். அவர் குறித்துக்கொண்டார். இந்தக் கடைசிப் பத்தியை அவருடைய பேனாவை வாங்கி, கடை மேசையிலேயே எழுதி, உறையை ஒட்டினேன்.